கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது

2016ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அண்ணன், அண்ணி, நான் மூவரும் சிங்கப்பூரின் தேக்காவில் இருந்தோம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், நடைபாதையில் நகர முடியாத கூட்டம். சாமான் வாங்கி முடித்து, தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் ஒரு மேசை பிடித்து உட்கார்ந்தோம். அண்ணன் தே கிளாசைத் தூக்கினார். பாதி வழியில் கை தளர்ந்து, கிளாஸ் மேசையில் விழுந்து உருண்டது.

"என்னண்ணே?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு தடித்தவர்போல ஏதோ குழறினார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாயின் வலது ஓரம் லேசாகத் தொங்கியிருந்தது. அண்ணி பதறிப்போய்ப் பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தார். பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் எழுந்து போய்ச் சுடுதண்ணீர் வாங்கிவந்தார். கால் மணி நேரம் இருக்கும். கை தூக்க முடிந்தது, பேச்சு தெளிந்தது, முகமும் நேரானது. "ஒண்ணும் இல்ல லா, ராத்திரி சரியாத் தூங்கல" என்று அண்ணன் சிரித்தார். புதிதாக ஒரு தே வாங்கி, அதே கையால் தூக்கிக் குடித்தார். அப்பாடா என்று நாங்களும் பைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பேருந்து ஏறினோம்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, கழிவறை வாசலில் அவர் விழுந்து கிடப்பதை அண்ணி பார்த்தார்.

வலது கை, வலது கால் இரண்டிலும் அசைவு இல்லை. கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. சத்தம் கேட்டு வந்த அண்டை வீட்டுக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் ஓடிவந்தார்கள். ஒருவர் காப்பி கொண்டுவந்து வாயில் ஊற்றப் பார்த்தார், அண்ணனுக்குப் புரையேறியது. இன்னொருவர் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி, விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பக்கவாதம் இறங்கிவிடும் என்று ஊசி தேடினார். அண்ணி எனக்குப் போன் செய்து, நான் என் மகனுக்குப் போன் செய்து, அவன் 995ஐ அழைக்கச் சொல்லி, அவசர வண்டி வருவதற்குள் இன்னும் அரை மணி நேரம் போயிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. "கடைசியாக அவர் நன்றாக இருந்ததை நீங்கள் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் அவருக்குத் தேவைப்படவில்லை. நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம்தான் வேண்டும். அண்ணி, இரவு பதினொன்று என்றார். அதற்குள் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூளையின் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், அப்போது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அண்ணனுக்கு அந்த வாய்ப்பு கை நழுவிவிட்டது. குழாய் வழியாக உள்ளே போய்க் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சைக்கு அப்போது பெரும்பாலும் ஆறு மணி நேரம்தான் எல்லை. 2018இல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மீதி இருப்பவர்களுக்கு 24 மணி நேரம் வரைக்கும் அதைச் செய்கிறார்கள். "தூங்கி எழுந்தபோதே இப்படித்தான் இருந்தார், இனி என்ன செய்ய" என்று யாரும் வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் டாக்டர், "இதற்கு முன் எப்போதாவது கை மரத்துப்போனதா, பேச்சு குழறியதா?" என்று கேட்டார். நான் தேக்காவில் நடந்ததைச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். ஏன் அன்றைக்கே வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று அவர் விளக்கியதைத்தான் இத்தனை வருடமாகப் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேக்காவில் அண்ணனுக்கு வந்தது டிஐஏ, அதாவது தற்காலிகப் பக்கவாதம். மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்கிறார்கள். ஒரு சின்ன ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் குழாயை அடைத்தது, உடம்பே அதைக் கரைத்துவிட்டது, ரத்தம் மறுபடி ஓடியது. அதனால் கையும் பேச்சும் திரும்பின. ஆனால் அந்தக் கட்டி எங்கே உருவானதோ அந்த இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த கட்டி எந்த நேரமும் கிளம்பலாம், அது கரையாமல் போகலாம். உடனடிச் சிகிச்சை பரவலாக இல்லாத காலத்துக் கணக்குப்படி, டிஐஏ வந்த நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதிலும் பாதி, முதல் இரண்டு நாளிலேயே. ஞாயிறு மத்தியானத்துக்கும் புதன் விடியலுக்கும் இடையில் எங்களுக்கு இரண்டரை நாள் இருந்தது. அந்த நாட்களில் நாங்கள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணனுக்கு அந்தக் கட்டி இதயத்திலிருந்து வந்திருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்துக்கொண்டிருக்கும், அங்கே ரத்தம் தேங்கிக் கட்டும். இது உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், தே அதிகமாகக் குடிப்பதால் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் துடிப்பு ஒரே சீராக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்பது சாதாரண ஆளுக்கே ஓரளவு தெரியும். தாறுமாறாக இருந்தால் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி என் கதை.

அண்ணன் படுத்த அந்த மாதமே நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். 152/94. அப்போது எனக்கு 47 வயது. அம்லோடிபின் மாத்திரை கொடுத்தார்கள், ஒழுங்காகத்தான் போட்டேன். ஒன்றரை வருடம் கழித்துக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. பாலர் பள்ளியில் நாள் முழுக்க நின்றபடி வேலை, காலணி பிடிக்கவில்லை. மாத்திரையால்தான் வீங்குகிறது என்று கேள்விப்பட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நானாகவே நிறுத்தினேன். வீக்கம் வடிந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, உடம்பு லேசாக இருந்தது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் கைத்தடியோடு நடப்பதை வாரம் தவறாமல் பார்த்தும் நான் இப்படிச் செய்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்லோடிபினால் கால் வீங்குவது எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம். சொல்லியிருந்தால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இப்போது லோசார்ட்டன் போடுகிறேன், வீக்கம் இல்லை.

2023 மார்ச், ஒரு வியாழக்கிழமை மாலை. ஈசூனில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சமையலறை. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் வேலை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பைக் குறைக்கச் சொல்ல நினைத்தேன். சொல் மனதில் பளிச்சென்று இருக்கிறது, வாயில் வரவில்லை. "அந்த... தண்ணி... தண்ணி..." என்றே வருகிறது. தண்ணீர் இல்லை, அடுப்பு என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் மறுபடியும் தண்ணி என்றுதான் வாய் சொல்கிறது. கையில் இருந்த கரண்டி நழுவியது. வலது கை விரல்கள் என்னுடையவை இல்லாதது மாதிரி இருந்தன. வலி துளியும் இல்லை. வலி இருந்திருந்தால் நானே பயந்திருப்பேன். வலிக்கவில்லை என்பதால் சும்மா உட்கார்ந்தால் போய்விடும் என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பத்து. "அம்மா, சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. இன்னிக்கு வியாழக்கிழமைன்னு சொல்லுங்க." வலது கை பாதியில் இறங்கியது. வியாழக்கிழமை வரவில்லை. அவள் வேறு எதுவும் கேட்காமல் அடுப்பை அணைத்துவிட்டு 995ஐ அழைத்தாள்.

ஏழு இருபத்திரண்டுக்கு எல்லாம் திரும்பிவிட்டது. வண்டி இன்னும் வரவில்லை. நான் சொன்ன முதல் முழு வாக்கியம், "சரியாயிடுச்சு, வர வேண்டாம்னு சொல்லிடு." ஏறக்குறைய அதே பேச்சு, அண்ணன் தேக்காவில் பேசியது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாமாவுக்கும் சரியாச்சும்மா" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

குடிமைத் தற்காப்புப் படையின் அவசர வண்டியில் வந்தவர்கள் முதலில் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பேச்சுக் குழறலும் கை தளர்வும் அப்படியே பக்கவாதம்போல வரும், அதைப் பிரித்தறியத்தான். ரத்த அழுத்தம் 186/100. மகள் ஏழு பத்து, ஏழு இருபத்திரண்டு என்று இரண்டு நேரத்தையும் சொன்னாள், நான் போடும் மாத்திரை, போடாமல் விட்ட மாத்திரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். இறங்கியதும் நேராக ஸ்கேனுக்குப் போனோம். டாக்சியில் போயிருந்தால் இப்படி முன்கூட்டியே சொல்லிவைக்க யாரும் இல்லை. காசு கேட்பார்களோ என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். உண்மையான அவசரத்துக்கு 995 வண்டிக்குக் கட்டணம் கிடையாது.

தலையை ஸ்கேன் எடுக்கும்வரை எனக்கு ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. பக்கவாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு அடைப்பால் வருவது, மீதி ரத்தக் குழாய் வெடித்துக் கசிவதால் வருவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கசிவாக இருக்கும்போது யாராவது ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடும். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை நெஞ்சுவலிக்குக் கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று அழுத்த மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பதும் கூடாது, அடைப்பு இருக்கும்போது மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடும். தண்ணீர், காப்பி, கஞ்சி எதுவும் வேண்டாம், விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்து, மாத்திரைப் பையை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் வீட்டார் வேலை. ஊசிக் குத்து பற்றி வரும் செய்தியை இனியும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து விரலில் குத்தி முடிப்பதற்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கேனில் கசிவு இல்லை. அன்றிரவு என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். எனக்குத்தான் ஒன்றுமில்லையே, மறுநாள் வேலை வேறு. இரண்டு இரவு தங்கச் சொன்னார்கள். பணியிலிருந்த டாக்டர் இளம் பெண், என் மகள் வயது இருக்கும், பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு ஆய்வு, 2007இல் வெளிவந்தது. டிஐஏ அல்லது லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கு நாள் கணக்கில் காத்திருக்காமல் உடனே சிகிச்சை தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வருவது நூற்றுக்குப் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்ததாம். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, இருந்த மருந்துகளைச் சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டே நான் அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

எம்ஆர்ஐ, கழுத்துக் குழாய்க்கு அல்ட்ராசவுண்ட், இதயத்துக்கு எக்கோ, நெஞ்சில் ஒட்டிய கருவியில் ஒரு நாள் முழுக்கத் துடிப்புப் பதிவு. எம்ஆர்ஐயில் மூளை சேதம் இல்லை. மூளைக்குள்ளேயே இருக்கும் ஒரு குழாய் கொஞ்சம் சுருங்கியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கழுத்துக் குழாயில் கொழுப்பு படிவது அதிகம் என்றும், நம்மைப்போன்ற ஆசிய மக்களிடம் மூளைக்குள் இருக்கும் குழாய்கள் சுருங்குவதை அதிகம் பார்க்கிறோம் என்றும் சொன்னார்கள். இதயத் துடிப்பு சீராக இருந்தது. கெட்ட கொழுப்பு 3.9 மில்லிமோல், அதை 1.8க்குக் கீழே கொண்டுவர வேண்டுமாம்.

அண்ணனுக்கும் எனக்கும் மருந்து வேறு வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இதயத்தில் கட்டுகிற ரத்தத்தைத் தடுக்க வார்ஃபரின். எனக்குக் குழாய்ச் சுவரில் ஒட்டும் தட்டணுக்களைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், இரண்டும் சேர்த்து 21 நாள், அப்புறம் குளோபிடோக்ரல் மட்டும். சீனாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் இரண்டையும் சேர்த்துத் தொடங்கியதால் மூன்று மாதத்தில் பக்கவாதம் வந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவிலிருந்து எட்டாகக் குறைந்திருக்கிறார்கள். 21 நாள் முடிந்தபோது என்னிடம் ஆஸ்பிரின் பாதி அட்டை மீதி இருந்தது. வீணாக்குவானேன், நல்லதுதானே, தொடர்ந்து போடுவோம் என்று நினைத்தேன். நல்லவேளை மருந்தகத்தில் கேட்டேன். ஆபத்து அதிகமான ஆரம்ப நாட்களுக்குத்தான் இரண்டும் சேர்த்து. அதைத் தாண்டி நீட்டினால் பக்கவாதம் மேலும் குறைவதைவிட வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும் என்று மருந்தாளர் விளக்கினார். அதேபோல, உங்கள் வீட்டுக்காரர் போடும் ரத்த மாத்திரை நல்லது என்று பக்கத்து வீட்டார் வாங்கிப் போடுவதும் சரியில்லை.

கழுத்துக் குழாய் என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீன அம்மா. ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்குவதுபோல இருட்டி, ஐந்து நிமிடத்தில் விலகியிருக்கிறது. கண் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். கழுத்துக் குழாயில் பெரிய அடைப்பு. அப்படி 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருந்தால் அறுவைச் சிகிச்சை செய்து கொழுப்பை எடுக்கிறார்கள், அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். முகம், கை, பேச்சு மூன்றையும் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். திடீரென்று ஒரு கண் இருட்டுவதையும், திடீரென்று நிற்க முடியாமல் தள்ளாடுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கதைக்குத் திரும்புகிறேன். தப்பிவிட்ட நான் தப்பாத அவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

மூன்று வாரம் மருத்துவமனை, அப்புறம் சமூக மருத்துவமனையில் ஏறக்குறைய இரண்டு மாதம். கால் மெல்ல வந்தது. கை தோள்வரை வந்தது, விரல் வரவில்லை. பேச்சு வரவே இல்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், நாலு மொழியிலும் சத்தம் போட்டுச் சிரிக்கிறவர். பேச்சுப் பயிற்சியில் ஆங்கிலப் படங்களைக் காட்டினார்கள், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தது. பயிற்சியாளர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் கேட்ட படிவத்தில் நாங்கள்தான் ஆங்கிலம் பேசுவார் என்று எழுதிக்கொடுத்திருந்தோம். வேலையிடத்தில் பேசியது உண்மைதான். ஆனால் வீட்டிலும் கனவிலும் அவருக்குத் தமிழ்தான். பக்கவாதம் வந்தவருக்கு எந்த மொழி எந்த அளவு மிஞ்சியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் அவர் வாழ்ந்த மொழி எது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயிற்சியாளர் சீனப் பெண், தமிழ் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், நாங்கள் வீட்டில் செய்தோம். வெள்ளை அட்டையில் சோறு, தண்ணி, வலி, தூக்கம், கழிவறை, மாத்திரை என்று படத்தோடு பெரிய எழுத்தில் எழுதினேன். பாலர் பள்ளி வேலை அதற்குக் கைகொடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அண்ணி சாமி விளக்கேற்றி முருகன் பாட்டை மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து அடுத்த வரியைச் சேர்ந்து பாடினார். சொல் பிசகாமல். தன் பெயரைச் சொல்ல முடியாதவர் நாலு வரி பாடினார், நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். பயிற்சியாளரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சு போனவர்களுக்கும் பாட்டு, மந்திரம், எண் வரிசை, திட்டு வார்த்தை இவையெல்லாம் பல நேரம் மிஞ்சுமாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சியை அமைத்தோம். "தண்ணி வேணும்" என்பதை ராகமாக இழுத்துச் சொல்லவைத்தோம். ஆறு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு சொல் வந்தது.

உடம்பைவிட மனசுதான் அவருக்குப் பெரிய பாடு. சாப்பிட மாட்டார், யாரையும் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பிடிவாதம் என்று அண்ணி கோபப்பட்டார், நானும் ஒரு நாள் கத்திவிட்டேன். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கும் மருந்து இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்தில் அவரே கைத்தடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மின்தூக்கி வரை நடந்தார். மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், மனச்சோர்வா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். அண்ணிக்கும் தூக்கம் இல்லாமல் பத்துக் கிலோ இறங்கியிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. மருத்துவமனையின் சமூக ஊழியரிடம் நாங்களாகப் போய்க் கேட்ட பிறகுதான் பகல்நேரப் பராமரிப்பு, உதவித்தொகை எல்லாம் தெரியவந்தது. 1996இல் தொடங்கிய சிங்கப்பூர் தேசியப் பக்கவாதச் சங்கத்தில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்களைச் சந்திக்கலாம்.

வார்ஃபரின் போடுபவர்களுக்காக ஒரு விஷயம். கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மருந்தின் வேலையைக் குறைக்கும். இதைக் கேட்டதும் அண்ணி கீரையே சமைப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஒரு நாள் கோயில் விருந்தில் கீரையை வயிறு நிறையப் போட்டதும் ரத்தப் பரிசோதனை எண் இறங்கிவிட்டது. அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை நிறுத்த வேண்டாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள் என்றுதான் செவிலியர் சொன்னார். தேக்காவில் வாங்கும் நாட்டு மருந்து, சீன மருந்துக் கடையின் டாங் குவே வேர் எல்லாமே இதில் குறுக்கிடும், கேட்காமல் சேர்க்கக் கூடாது.

எனக்கு இப்போது ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இருக்க வேண்டும். பக்கவாதத்தைத் தடுக்க ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன். வீட்டில் கைப்பட்டை வைத்த கருவி இருக்கிறது. காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் தரையில் வைத்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்து இரண்டு தடவை பார்த்து எழுதுகிறேன். சேலை முந்தானை மேலேயோ சட்டைக் கை மேலேயோ பட்டையைச் சுற்றினால் எண் தப்பாக வரும். 2023 ஜூலையில் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டம் வந்ததும் வீட்டுக்குக் கீழே இருக்கும் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டேன். 40 வயது தாண்டியவர்கள் பதியலாம். நான் எழுதும் நோட்டை அவர் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார். கொழுப்பு மாத்திரை முதல் மாதத்தில் கெண்டைக்காலில் வலி கொடுத்தது. இந்தத் தடவை நிறுத்தவில்லை, போய்ச் சொன்னேன். அளவை மாற்றினார், வலி போனது.

சாப்பாட்டில் எனக்கு எதிரி உப்பு. சிங்கப்பூரில் நாம் சாப்பிடும் சோடியம் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 2,000 மில்லிகிராமைவிட மிக அதிகம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டேன். மீன் தலைக் கறியைச் சாப்பிடுகிறேன், குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைவதில்லை. மீ சூப் குடித்தால் கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்துவிடுகிறேன். கடையில் இப்போது சோடியம் குறைந்த உப்பு விற்கிறது, அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், லோசார்ட்டன் மாதிரி மாத்திரை போடுபவர்களும் டாக்டரைக் கேட்டபிறகே வாங்க வேண்டும். நான் கேட்டேன், வேண்டாம் என்றார், அதனால் சாதா உப்பையே குறைத்துப் போடுகிறேன். சர்க்கரை போடாத தே கோசோங் பழகிவிட்டது. என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டது எனக்காகத்தான், அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 995 என்ற எண், நான் போடும் மாத்திரைகள், பக்கத்தில் "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்று எழுதி ஒரு கோடு. மகள் ஒட்டியது. அண்ணன் வீட்டிலும் ஒன்று ஒட்டியிருக்கிறோம்.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் எனக்குப் போன் செய்வார். இடது கையால் எண்ணை அழுத்துவதற்கு அவருக்கு நேரமாகும், நான் முந்திக்கொண்டு கூப்பிடக் கூடாது, கோபம் வரும். எடுத்ததும், "மாத்திரை?" என்பார்.

"போட்டாச்சுண்ணே. நீங்க?"

"போட்டாச்சு" என்பார். அந்தச் சொல் போன வருடம்தான் வந்தது.